நகுதாவின் வாய்ச்சொல்

ஹிஜ்ரி 1588, ரஜப் 6
நஜ்மத் ஸூர் விண்கப்பல், சனியின் டைட்டன் நிலவுக்குப் போகும் வழி

வைத்தியர் கல்ஃபான் அவர்களுக்கு,

முதல் மாலுமி ரய்யா எழுதுவது. நமக்கு விவாகரத்து ஆகி ஏழு வருடமாகிறது. அதில் இரண்டு வருடம் ஒரே கப்பலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தோம். இது அலுவல் கடிதம். நான் நலம் விசாரிக்கப் போவதில்லை. நீங்களும் விசாரிக்க வேண்டாம்.

கப்பல் தலைவரான நகுதா முஸல்லம் இனிக் கப்பலை நடத்தும் நிலையில் இல்லை. இதைச் சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை, அதனால் நேராகவே எழுதிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, பயணிகளில் பெரியவர்கள் சிலரைக் காப்பிக்கு அழைத்திருந்தார். மூன்றாம் மாலுமி பதர் ஊற்றினான். வந்தவர்கள் இரண்டு மூன்று கோப்பை குடித்துவிட்டு, போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்டிக் கீழே வைத்தார்கள். நகுதா ஆட்டவில்லை. நீட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டாதவருக்கு எப்படி ஊற்றாமல் இருப்பது? பதர் ஊற்றிக்கொண்டே இருந்தான். நகுதாவே நிறுத்தாதபோது தாங்கள் முந்தி நிறுத்தியது மரியாதைக்குறைவோ என்று பயந்து, விருந்தாளிகளும் மறுபடி கோப்பையை எடுத்தார்கள். இரண்டு தடவை கெண்டி காலியானது. கடைசியில் நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கினேன். அப்போது காதோடு கேட்டார்: "போதும்னு எப்படிச் சொல்றது ரய்யா?"

செவ்வாய்க்கிழமை சரக்கறையின் வெளிக்கதவைத் திறக்கச் சொன்னார். பேரீச்சம்பழ மூட்டை புழுங்குகிறதாம், காற்றாட விட வேண்டுமாம். நம் ஊர் ஸூரில் கடலோரக் கிடங்கில் நிற்பதாக நினைப்பு. எஞ்சினியர் ஹமூத் "திறந்தாச்சு நகுதா" என்று பொய் சொல்லிச் சமாளித்தான். கதவை உண்மையிலேயே திறந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத யாரும் இருந்திருக்க மாட்டோம்.

ஷவ்வால் பத்தாம் தேதி கப்பலின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த ஆணையைக் கப்பல் நகுதாவின் வாயிலிருந்து மட்டுமே ஏற்கும். பதிவு செய்த குரல் செல்லாது. கப்பல் கேட்கும், அவர் பதில் சொல்ல வேண்டும். அன்று அவர் சொல்லாவிட்டால் இருநூறு பேரோடு டைட்டனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்போம். திரும்பி வர எரிபொருள் கிடையாது. ஆணையிடும் உரிமை என் குரலுக்கு மாற இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று முதல் மாலுமியுடையது. மற்றது நகுதாவைக் கடைசியாகச் சோதித்த வைத்தியருடையது. நீங்கள் வெஸ்டாவில் இறங்கிக்கொண்ட பிறகு வேறு வைத்தியர் ஏறவில்லை. ஆக, அது உங்கள் கையெழுத்துதான்.

அவர் உங்கள் பால் சகோதரர் என்பது ஸூரில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்குத் தெரியாது, கம்பெனிக்கு இரத்த உறவு மட்டும்தான் உறவு. அதைப் பற்றி நான் எங்கும் வாய் திறக்கவில்லை. தபால் வாரம் ஒருமுறைதான். அடுத்த தபாலில் கையெழுத்தை எதிர்பார்க்கிறேன்.

ரய்யா பின்த் நாஸிர்
முதல் மாலுமி


ரஜப் 15
வெஸ்டா நிலையம்

ரய்யாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிக்கக் கூடாது என்று உத்தரவு. சரி. ஆனால் ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வரவில்லை.

முஸல்லம் எந்தக் காலத்தில் நிதானமாக இருந்தான்? நம் கல்யாணத்தன்று என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மாப்பிள்ளை நான் வெறுங்காலோடு உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். உன் அண்ணன்மார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கணக்குப் போடும்போது கப்பலையே மறந்துவிடுவான், கப்பலில் இருக்கும்போது சோற்றை மறந்துவிடுவான். அது அவன் சுபாவம். அத்தோடு இப்போது தூக்கமில்லை. இரவில் விளக்கைக் குறைத்துவைக்கச் சொல். காய்ந்த எலுமிச்சையைக் கொதிக்கவைத்துத் தேன் கலந்து கொடுங்கள். பகலில் ஒரு மணி நேரமாவது படுக்கட்டும். டைட்டன் வருவதற்குள் பழையபடி எல்லோரையும் திட்ட ஆரம்பித்துவிடுவான்.

அவனைப் பெற்ற அன்றே அவன் தாய் மௌத்தாகிவிட்டாள். என் உம்மா அந்தப் பக்கம் அவனையும் இந்தப் பக்கம் என்னையும் போட்டுப் பால் கொடுத்தாள். இது உனக்குத் தெரியாததில்லை. உம்மா போய் மூன்று வருடமாகிறது. அவள் பால் குடித்த ஒருவன், அதையே குடித்த இன்னொருவனைப் புத்தி பேதலித்தவன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்கிறாய். எந்தக் கையால் எழுதுவேன்?

உன் நன்மைக்கும் ஒன்று சொல்கிறேன். இந்தக் கப்பலுக்கு முதலில் நகுதாவாக வேண்டியிருந்தவள் நீ. இப்போது நீயே அவனுக்கு எதிராகக் கிளம்பினால் ஊர் என்ன பேசும் என்று யோசித்தாயா? அவசரப்படாதே.

கல்ஃபான்


ரஜப் 22
நஜ்மத் ஸூர்

கல்ஃபான்,

ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. வ அலைக்குமுஸ்ஸலாம். கடமை முடிந்தது, அதோடு மரியாதையும் முடிந்தது. இனி உன்னை நீ என்றுதான் எழுதப்போகிறேன்.

நான் நகுதாவாக வேண்டியிருந்தவள் என்று நீயே நினைவுபடுத்துகிறாய். உனக்குத் துணிச்சல்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் ஏழாம் மாதத்தில் நம் பிள்ளை வயிற்றிலேயே போனபோது, நான் நாற்பது நாள் கூட ஆகாமல் கப்பலேறத் தயாராக நின்றேன். "துக்கத்தால் நிதானம் இழந்தவர், தலைமைக்குத் தகுதியில்லை" என்று ஒரே மத்தியானத்தில் எழுதிக்கொடுத்தாய். சாப்பாட்டு மேசையில் வைத்தே எழுதினாய். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உன் பால் சகோதரன் உட்கார்ந்தான். என்னைப் பற்றி எழுத உனக்கு ஒரு மத்தியானம் போதும். அவரைப் பற்றி எழுதக் கை இல்லை. இப்போது எலுமிச்சைக் கஷாயம் சொல்கிறாய்.

இங்கே நடக்கும் கூத்தைக் கேள். நகுதா கோப்பையை ஆட்டாதது தன்மேல் உள்ள கோபத்தால் என்று பதர் நினைத்துவிட்டான். ஒரு கிண்ணம் ஹல்வாவோடு போய் மன்னிப்புக் கேட்டான். அவரும் தோளில் தட்டி, "போ, மன்னிச்சாச்சு" என்றார். என்ன குற்றம் என்று அவனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அடுத்த நாள் சமையற்காரர் போனார். பிறகு கிடங்குக்காரர்கள். யார் பெயரையாவது நகுதா மறந்துவிட்டால், "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று அவர்கள் போய் நிற்கிறார்கள். எல்லோரையும் பெரிய மனதோடு மன்னிக்கிறார். நம் ஆட்களுக்கு நகுதாவின் கோபம் புரியும், நகுதாவின் நோய் புரியாது. கப்பல் முழுக்கத் தன்னிடமே குற்றத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

அதிகாரிகள் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். நான்தான் முதலில் சொன்னேன். ஹமூத் கதவைச் சாத்திவிட்டு வந்து முகத்துக்கு நேராகக் கேட்டான்: "அந்த மனுஷன் அசந்து போயிருக்காரு, அவ்ளோதான். உனக்கு அந்த நாற்காலி மேல கண்ணு. எட்டு வருஷமா கண்ணு. இல்லேன்னு சொல்லு பாப்போம்."

"இருக்கு" என்றேன். "அதனால நான் சொல்றது பொய்யாயிடுமா?"

"பொய்யான்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ சொன்னா நான் நம்ப மாட்டேன். வேற யாராச்சும் சொல்லட்டும்."

அந்த வேறு யாரோ நீதான். உன்னால் முடியாததற்கு உன் உம்மாவின் பாலைக் காரணம் காட்டாதே. வெஸ்டாவில் இதயக் கோளாறு என்று இறங்கினாய். உன் பெட்டியை நீயே தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கியதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். உனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் ஓடினாய்.

ரய்யா


ஷஃபான் 7
வெஸ்டா நிலையம்

ரய்யா,

போன தபாலில் எழுதவில்லை. எழுதிக் கிழித்தேன்.

ஆம், தெரியும். வெஸ்டாவுக்கு வருவதற்கு முன் ஒருநாள் வழக்கமான சோதனைக்கு என் அறைக்கு வந்தான். நாடி பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டே மிக மரியாதையாகக் கேட்டான்: "வைத்தியரே, உங்களுக்கு எந்த ஊரு?" ஐம்பத்தாறு வருடமாக என்னோடு ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, என் மண்டையை இரண்டு தடவை உடைத்தவன் அதைக் கேட்டான். "ஸூர்" என்றேன். "அப்படியா, நானும் ஸூர்தான்" என்று சந்தோஷப்பட்டான். மறுநாள் எல்லாம் சரியாக இருந்தது. என்னைப் பெயர் சொல்லித் திட்டினான். நான் அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். இன்னொரு முறை அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இதைக் கோழைத்தனம் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள்.

கப்பலை எடுத்துவிட்டால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சுக்கான் அறையில் மட்டும்தான் அவன் இன்னும் முஸல்லம்.

எட்டு வருடக் கதைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், எத்தனை நாள்தான் வாங்கிக் கட்டிக்கொள்வது. நீ தயாராக நின்றாயா? இரத்தப்போக்கு நிற்காமல், துறைமுகச் சுவரோரம் விடியும்வரை நின்றுகொண்டிருந்தாய். யாராவது பேச வந்தால் கல்லை எடுத்தாய். உன்னிடம் இருநூறு உயிரைக் கொடுக்க எந்த வைத்தியன் சம்மதிப்பான்? அந்தப் பிள்ளை எனக்கும் பிள்ளைதான். நீ அதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நான் அழாதது உனக்குக் குற்றமாகிவிட்டது. இரண்டு பேரும் சுவரோரம் போய் நின்றிருந்தால் உனக்கு யார் கஞ்சி வைத்திருப்பார்கள்?

முஸல்லம் விஷயத்தில் இன்னும் கொஞ்ச நாள் பொறு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

கல்ஃபான்


ரமளான் 4
நஜ்மத் ஸூர்

கல்ஃபான்,

கஞ்சி வைத்தாய், உண்மை. அதற்கு நான் நன்றி சொன்னதில்லை, அதுவும் உண்மை. நான் கஞ்சி குடித்துக் கிடந்த ஆறு மாதம் கழிந்ததும், "அந்தக் காகிதத்தை வாபஸ் வாங்கிட்டேன், இனி உன் பேர்ல ஒண்ணும் இல்ல" என்று நீ சொன்னாய். அதை நம்பித்தான் முதல் மாலுமியாகச் சேர்ந்தேன். பழசு இத்தோடு போகட்டும். பொறுக்கச் சொன்னாய், பொறுத்தேன். பொறுத்ததால் என்ன வந்தது என்று கேள்.

பயணத்தில் நோன்பு கட்டாயமில்லை என்றாலும் ஸூர் கப்பல்களில் விடுவதில்லை, உனக்குத் தெரியும். முதல் நோன்பை நகுதாதான் அறிவிப்பார். அறிவித்தார், மிக அழகாக. மறுநாள் நடுப்பகலில் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, பேரீச்சம்பழமும் சுறாக் கருவாட்டுச் சோறும் கேட்டார். சமையற்காரர் என்ன செய்வார்? நகுதா கேட்கிறார், வைத்துவிட்டார். அவரும் ரசித்துச் சாப்பிட்டார். நோன்பாளிகள் நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயணிகளில் ஒரு கிழவர் எழுந்துவிட்டார். "அல்லாஹ்வுக்கும் பயமில்ல, மனுஷனுக்கும் பயமில்ல. இவன் கையிலயா எங்க உசுரு?" என்று கத்தினார். நாலு பேர் கூடச் சேர்ந்தார்கள். கைகலப்பு வந்துவிடும் போலிருந்தது. வேறு வழி தெரியவில்லை. நான் நடுவில் போய் நின்று, "அவர் நோயாளி. நோயாளிக்கு நோன்பில்ல" என்றேன்.

கூடம் அடங்கிவிட்டது. நோய் என்ற சொல்லை இந்தக் கப்பலில் முதன்முறையாக எல்லோரும் கேட்டார்கள். கிழவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நகுதாவும் கேட்டுவிட்டார். கை நிறையச் சோற்றோடு ஹமூத்தைப் பார்த்து, "இப்ப நோன்பா? ரமளானா?" என்று கேட்டார். ஹமூத் தலையாட்டினான். அவர் சோற்றைத் தட்டில் திரும்ப வைத்தார். வாயில் இருந்ததைத் துப்பினார். பிறகு அழுதார், கல்ஃபான். எல்லோர் முன்னாலும், முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல்.

ஹமூத் அன்று மாலை என் அறைக்கு வந்தான். "காகிதத்தைக் குடு, நானும் எழுதறேன்" என்றான். பதரும் எழுதினான். விதிப்படி அவர்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று இணைத்திருக்கிறேன். என் நாற்காலி ஆசை பற்றி ஊர் பேசும் என்றாயே, இப்போது மூன்று பேர் கேட்கிறோம். ஷவ்வால் பத்துக்குள் வேண்டும்.

ரய்யா


ரமளான் 11
வெஸ்டா நிலையம்

ரய்யா,

படித்தேன். அவன் சோற்றைத் தட்டில் திரும்ப வைத்த இடத்தைப் பல தடவை படித்தேன்.

எழுதிவிட்டேன். "நகுதா முஸல்லம் நினைவு மங்கும் நோயால் தாக்கப்பட்டுள்ளார், தலைமை வகிக்கத் தகுதியற்றவர்" என்று. கம்பெனிக்கு ஒன்று, உனக்கு ஒரு பிரதி. எழுதி முடித்ததும் ஒளு செய்து இரண்டு ரக்அத் தொழுதேன், மனம் அடங்கவில்லை. உம்மா இருந்திருந்தால் இந்த வீட்டுப் படியை மிதிக்காதே என்றிருப்பாள்.

அவனிடம் இதைச் சொல்லும்போது மெதுவாகச் சொல். சுக்கான் அறையில் வந்து உட்கார மட்டும் அனுமதி கொடு. நாற்காலியை மாற்ற வேண்டாம். இனி கப்பல் உன் பேச்சைக் கேட்கும். நீ கேட்டது கிடைத்துவிட்டது.

கல்ஃபான்


ரமளான் 25
நஜ்மத் ஸூர்

கல்ஃபான்,

கிடைக்கவில்லை. கப்பல் என் பேச்சைக் கேட்கவில்லை.

கம்பெனியிலிருந்து பதில் வந்திருக்கிறது. வைத்தியர் கையெழுத்து சரி. முதல் மாலுமியின் கையெழுத்து செல்லாது, ஏனென்றால் அவர் நிதானமிழந்தவர் என்ற சான்று இன்றுவரை நடப்பில் இருக்கிறது. மாலுமி வேலைக்கு அது தடையில்லையாம். தலைமையை எடுக்கவோ மாற்றவோ தடையாம்.

நீ வாபஸ் வாங்கவே இல்லை.

எட்டு வருடமாக நான் நிதானமிழந்தவள். சம்பளம் வாங்கினேன், வழி கணித்தேன், தூசிப் புயலுக்குள் இந்தக் கப்பலை இரண்டு தடவை ஓட்டினேன், எல்லாம் நிதானமிழந்தவளாக. என்னிடம் பொய் சொன்னாய், சரி, அதை நாம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். ஆனால் இந்த முறை சான்று எழுதும்போது உனக்குத் தெரியும், இது செல்லாது என்று. தெரிந்தே அனுப்பிவிட்டு, தொழுதேன் அழுதேன் என்று எனக்குக் கதை எழுதினாய். செல்லாத காகிதத்தை எழுதி உன் பால் சகோதரனுக்கும் துரோகம் செய்யவில்லை, எனக்கும் மறுக்கவில்லை. நல்ல சாமர்த்தியம்.

இரண்டே வழி என்கிறது கம்பெனி. ஒன்று, நீ என்னை நேரில் சோதித்துக் குணமாகிவிட்டது என்று எழுத வேண்டும். நீ வெஸ்டாவில், நான் இங்கே, அது ஆகாது. மற்றது, அந்தப் பழைய சான்று தவறு என்று எழுத வேண்டும். ஒரு வரி போதும். அடுத்த தபாலில் வந்தால்தான் நேரம் இருக்கிறது.

நகுதா இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால், "கல்ஃபான் எங்க? உம் புருஷனைக் கூப்பிடு, பேசணும்" என்கிறார். நமக்குள் என்ன நடந்தது என்பது அவருக்கு மறந்துபோயிற்று. எனக்கும் மறந்தால் நன்றாக இருக்கும்.

ரய்யா


ஷவ்வால் 2
வெஸ்டா நிலையம்

ரய்யா,

ஈத் முபாரக். இந்த வருடம் இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாயில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

வாபஸ் வாங்கப் போனேன். கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அப்போது முஸல்லம் கப்பலேறி ஆறு மாதம் கூட ஆகவில்லை. உன் பெயர் சரியானால் அவன் இறங்க வேண்டியிருக்கும் என்றார்கள். உம்மா அப்போது உயிரோடு இருந்தாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். வாபஸ் வாங்கிவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது நீ தூங்க வேண்டும் என்பதற்காக. நீ அன்று தூங்கினாய்.

ஒரு வரி போதும் என்கிறாய். அந்த ஒரு வரியை யோசித்துப் பார். அந்தச் சான்று தவறு என்று நான் எழுதினால், தவறான சான்று எழுதுகிறவன் என்று ஆகிறேன். பிறகு முஸல்லத்தைப் பற்றி நான் எழுதியதற்கு என்ன மதிப்பு? அதையும் தூக்கிப் போடுவார்கள். உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. இங்கே என்னை நம்பி வரும் நோயாளிகள் இருக்கிறார்கள். தவிர, அன்று நான் கண்டதைத்தான் எழுதினேன். அது தவறு என்று எப்படிச் சத்தியம் செய்வேன்?

நீ கெட்டிக்காரி. முஸல்லம் உன் பேச்சைக் கேட்பான். நல்ல நேரம் பார்த்து, நிதானமாக இருக்கும்போது சொல்லவை. அல்லாஹ் கைவிட மாட்டான்.

கல்ஃபான்


ஷவ்வால் 20
டைட்டன் துறைமுகம்

கல்ஃபான்,

நாங்கள் பிழைத்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் தேதி காலையிலேயே நகுதாவைக் குளிக்கவைத்து, முஸார் தலைப்பாகை கட்டி, சுக்கான் அறைக்கு அழைத்துவந்தோம். நீ சொன்ன நல்ல நேரம் எதுவும் வரவில்லை. கப்பல் கேட்டது: "நகுதா முஸல்லம், வேகத்தைக் குறைக்கலாமா?" அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துவிட்டு, "எதுக்கு? இன்னும் எவ்ளோ கடல் கெடக்கு" என்றார். மறுபடி கேட்டது. "ஏன் என்னை விரட்டுறே?" என்று அதட்டினார். ஹமூத் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். டைட்டன் வந்துவிட்டது, ஊர் வந்துவிட்டது, கப்பலில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று என்னென்னவோ சொன்னான். எந்த டைட்டன் என்று கேட்டார். பதர் மூலையில் நின்று, சாகப்போகிறவர்களுக்கு ஓதுவது போல யாஸீன் ஓத ஆரம்பித்துவிட்டான். நேரம் முடிந்துகொண்டிருந்தது.

நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்: "நகுதா, ஸூர் வந்திருச்சு. உம்மா கரையில நிக்கிறாங்க. விடியக்காலை சுபுஹ்லேந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

சட்டென்று திரும்பினார். "உம்மாவா? வெயில்லயா நிக்குது? யாரும் நெழல்ல உக்காத்தி வைக்கலியா?" எழுந்து நின்றார். முஸாரைச் சரி செய்துகொண்டார். தாடியை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு கப்பல் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஆணை சொன்னார். வேகம், கோணம், நேரம், ஒரு சொல் பிசகவில்லை. அந்தக் குரலுக்குத்தான் நீங்களெல்லாம் பயந்தீர்கள், நானும் பயந்திருக்கிறேன். கப்பல் குலுங்கி வேகம் குறைந்ததும் கீழே பயணிகள் தக்பீர் சொல்லும் சத்தம் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பெனியிலிருந்து வாழ்த்து வந்திருக்கிறது. இந்த வழியில் இத்தனை சுத்தமாக வேகம் குறைத்தவர் இல்லையாம். வைத்தியரின் சான்று அவசரத்தில் எழுதப்பட்டதாகத் தெரிகிறதாம். துல்ஹஜ் மாதம் புறப்படும் புதுக் கப்பலை, ஐந்நூறு பேர் போகும் கப்பலை, அவருக்கே கொடுத்திருக்கிறார்கள். நடந்தது எல்லாவற்றையும் நான் எழுதினேன். நகுதாவை நான்தான் ஏமாற்றிச் சொல்லவைத்தேன் என்றும் எழுதினேன். என் பழைய சான்றைப் பார்த்த பின் என் வாக்குமூலத்தைக் கணக்கில் எடுக்க இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஹமூத்தையும் பதரையும் தூண்டிவிட்டது நான்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்த ஐந்நூறு பேரைப் பற்றிப் பேசக்கூடியவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். இரண்டு காகிதத்தையும் பற்றிப் பேச வேண்டும். எழுதுவாயா இல்லையா என்பது இனி உன்பாடு. நான் கெஞ்சி முடித்துவிட்டேன்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

அவர் எதையும் மறந்துவிடுவார் என்ற தைரியத்தில்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். கரையிறங்கும்போது ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன். என் பெயரை மறந்துவிட்டார். கப்பலின் பெயரை மறந்துவிட்டார். அதை மட்டும் மறக்கவில்லை. இறங்கியதும் "உம்மா எங்க?" என்றார். வந்துவிடுவார்கள் என்று மழுப்பினேன். அன்றிலிருந்து வருகைக் கூடத்தில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். உன் உம்மாவுக்கு என்று ஹல்வா வாங்கி மடியில் வைத்திருக்கிறார். கறுப்பு அபாயா போட்ட பெண் யார் வந்தாலும் எழுந்து நிற்கிறார். இரவில் ஹமூத்தும் நானும் இழுக்காத குறையாகக் கூட்டிப் போகிறோம். காலையில் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். ஆட்கள் வந்து நகுதாவை வாழ்த்திக் கைகொடுத்துவிட்டுப் போகிறார்கள். "உம்மா வருது, அதான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார்.

உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவை சொன்னேன். உம்மா மௌத்தாகி மூன்று வருடமாகிறது, நீங்கள்தான் கப்ருக்குத் தண்ணீர் தெளித்தீர்கள் என்றேன். அவருக்குக் கோபம் கூட வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், பைத்தியக்காரியைப் பார்த்து மனதிரங்கிச் சிரிப்பது போல.

"உனக்கு உடம்பு சரியில்லம்மா. நீ போய்ப் படு. உம்மா மௌத்தாப் போயிருந்தா கல்ஃபான் எங்கிட்ட சொல்லாம இருப்பானா?"

ரய்யா